மதகுச் சாவி யார் கையில்?

உத்திரமேரூருக்கு வரும் தலைவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்காமல் போவதில்லை. குடவோலை முறையைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், கிளம்பிவிடுவார்கள். பள்ளிப் பாடப் புத்தகத்திலும் அது அந்த அளவோடு நின்றுவிடுகிறது. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921, 30 குடும்புகள், குடத்தில் ஓலை. ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்தது எந்த வேலைக்கு என்ற பகுதியை விவசாயியான நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அதில் ஏரி வாரியம் என்று ஒன்று வருகிறது. உறுப்பினர்கள் 6 பேர். பதவிக் காலம் 360 நாள். சொந்த மனையில் வீடும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் இருக்க வேண்டும். வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் எப்போதுமே வர முடியாது. அவருடைய மாமனார், மைத்துனர் வரை உறவுமுறையாரும் வர முடியாது.

சரி, உங்கள் ஊர் ஏரியின் மீன் குத்தகை போன ஆண்டு எவ்வளவுக்குப் போனது? அந்தப் பணம் எந்தக் கணக்கில் ஏறியது? மதகின் திருகு கம்பி வளைந்து கிடக்கிறதே, அதை மாற்ற எழுதிய மனு எந்த மேசையில் இருக்கிறது? வாலாஜாபாத் பக்கம் விசாரித்தாலும் உத்திரமேரூர் பக்கம் விசாரித்தாலும் இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த ஆயக்கட்டுதாரர் மிகச் சிலரே. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டி வைத்த கணக்கு வழக்கு, இன்று கேட்டால்கூடக் கிடைப்பதில்லை.

இந்தப் பக்கத்தில் வழக்கமாக ரகம், உரம், நோய், விலை பற்றி எழுதுவோம். இம்முறை அரசுக் கொள்கை பற்றி எழுதுகிறோம். ஏரியும் அதை ஒட்டிய பட்டா நிலமும் யாருடைய பொறுப்பில், யாருடைய உரிமையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்று வயல் வரப்பு வரை வந்துவிட்டது. இதற்குப் பழமை பேணும் பார்வை என்று ஒன்று இருக்கிறது. அது நம் மாநிலத்தில் அதிகம் காதில் விழுவதில்லை.

'பழமைவாதி' என்பது தமிழ்நாட்டில் திட்டுவதற்குப் பயன்படும் சொல். அதற்குக் காரணமும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம். அரசுக் கொள்கை விஷயத்தில் அந்தப் பார்வை சொல்வது எளிமையானது. பல தலைமுறையாக நின்ற ஏற்பாட்டை, அது ஏன் நின்றது என்று விசாரிக்காமல் இடிக்காதே. ஊர் செய்யக்கூடிய வேலையைத் தாலுகா ஆபீஸ் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாலுகா ஆபீஸ் செய்யக்கூடியதைக் கோட்டை எடுத்துக்கொள்ள வேண்டாம். உழுகிறவர் நிலத்தில் கைவைக்கும் முன் அவர் சம்மதத்தைக் கேள். இவ்வளவுதான்.

இதை அரசியலாகவே எடுத்துச் சொன்னவர் ராஜாஜி. 1952-இல் சென்னை மாகாண முதல்வராக வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். ரேஷன் போனால் பஞ்சம் வரும் என்று பலர் பயந்தார்கள், அப்படி வரவில்லை. அதே ஆண்டில் தஞ்சைக் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் பாதுகாக்கும் அவசரச் சட்டத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். பழமை பேணுகிறவர் என்றால் மிராசுதார் பக்கம் நிற்பவர் என்று எண்ணுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப்பண்ணைத் தீர்மானம் போட்டபோது, விவசாயியின் நிலத்தை அவர் கையிலிருந்து எடுக்காதே என்று என்.ஜி. ரங்காவோடு சேர்ந்து சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். நேரு அரசும் கூட்டுப்பண்ணைத் திட்டத்தை நடைமுறையில் கைவிட்டது. ராஜாஜியின் 1953 கல்வித் திட்டத்தையும் இங்கே நினைவூட்டத்தான் வேண்டும். குலத்தொழிலை மரபு என்று கருதிய அந்தத் திட்டத்தை மக்கள் ஏற்கவில்லை, ஏற்காமல் போனதும் நல்லதே.

இந்தப் பார்வைக்கும் திராவிட இயக்கத்துக்கும் ஒட்டே இல்லை என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா கேட்டது என்ன? மாநிலம் செய்யக்கூடியதை டெல்லி கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான். அவருக்குப் பின் 1969-இல் ராஜமன்னார் குழு அமைக்கப்பட்டு 1971-இல் அறிக்கை தந்தது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மறுபடியும் ஒரு குழு. டெல்லியிடம் நாம் கேட்கும் அதே நியாயத்தை உத்திரமேரூரும் ஏகனாபுரமும் சென்னையிடம் கேட்டால் மட்டும் அது ஏன் வேறாகத் தெரிய வேண்டும்?

ஏரிக்கு வருவோம். காஞ்சிபுரத்தைச் சுற்றிய பாசனம் யாரோ ஒரு அரசன் ஒரே நாளில் செய்து கொடுத்ததல்ல என்றாலும், அரசுக்கு அதில் பங்கு இருந்தது. நகரத்துக்கு அருகில் உள்ள கூரம் செப்பேடுகள் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கியவை. பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு கால்வாயையும் அவை சொல்கின்றன. உத்திரமேரூரின் வயிரமேக தடாகம் பல்லவர் காலத்து ஏரி. அதைத் தூர் வாருவதற்கென்றே பொன் வைத்த அறக்கட்டளைகளைக் கல்வெட்டுகளில் காணலாம். ஏரி வெட்ட அரசன் உதவினான். வெட்டியதை வைத்துக் காத்தது ஊர். காப்பதற்கான வருமானமும் ஊரிலேயே இருந்தது.

அந்த வருமானம் எங்கே போனது என்பதுதான் கதையின் முக்கியமான இடம். 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டு ஜாகீரில் பர்னார்டு எடுத்த அளவைக் கணக்கில் ஊர் ஊராக விளைச்சல் பங்கீடு பதிவாகியிருக்கிறது. கோயிலுக்கு, கணக்குப் பிள்ளைக்கு, தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியாருக்கு, ஏரிக்கு என்று களத்திலேயே மேரை ஒதுங்கியது. மானிய நிலம் இருந்தது. தரம்பால் இந்த ஆவணங்களைத் தேடி எடுத்து உலகுக்குக் காட்டினார். கும்பினி ஆட்சி உறுதிப்பட்ட பின் இந்த மானியமும் மேரையும் மெல்ல மெல்ல வரிக்குள் கரைந்தன. ஏரியின் பங்கு கஜானாவுக்குப் போன பிறகு, 'நீங்கள் ஏன் முன்போல் கூடி வந்து கரையைக் கட்டுவதில்லை?' என்று அதே கஜானா ஊரைப் பார்த்துக் கேட்டது. 1858-இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. தானாக நடந்த குடிமராமத்து, வராவிட்டால் அபராதம் என்ற நிலைக்கு இறங்கியது. பிறகு 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம், அதன்பின் பொதுப்பணித் துறை. வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லோரும் அக்கறையற்றவர்கள் என்று சொல்ல முடியாது. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வரும் பிளேஸ் துரை உண்மையிலேயே 1790-களில் ஜாகீரின் ஏரிகளைப் பழுதுபார்த்த கலெக்டர்தான். ஆனால் ஒரு கலெக்டர் மாறுதலாகிப் போவார். ஊர் எங்கும் போகாது.

இன்றைய ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததே. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. செங்கல்பட்டு பிரிந்த பிறகு காஞ்சிபுரம் மாவட்டத்தில் துறையின் பொறுப்பில் உள்ளவை 381 ஏரிகள். நடைமுறையில் பல ஊர்களில் மதகைத் திறந்து மூடுவது இன்னும் நீர்க்கட்டிதான். அவருக்கு நெல்லாகவோ பணமாகவோ ஆயக்கட்டுதாரர்கள்தான் கொடுக்கிறார்கள். தலைமடைக்கு எத்தனை நாள், கடைமடைக்கு எத்தனை நாள், நவரைக்குத் தண்ணீர் எத்தனை முறை வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவருக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. மதகு ஷட்டர் உடைந்தால் மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை, ஆயக்கட்டுக்கும் இல்லை. மணல் மூட்டை வைத்து அடைத்துவிட்டு, மதிப்பீடு தயாரித்து, நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு, ஒப்பந்ததாரர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஏரியின் பாதித் தண்ணீர் ஓடியிருக்கும். நவரை நடலாமா, உளுந்து விதைக்கலாமா என்ற முடிவை டிசம்பர் கடைசியில் எடுக்க வேண்டியவர் நீங்கள்; அந்த முடிவுக்குத் தேவையான மதகு வேறொருவர் கோப்பில் இருக்கிறது.

மீன் குத்தகையும் அப்படித்தான். ஏரி நிரம்புவது ஊர் நிலத்தில் பெய்த மழையால். ஏலத் தொகை போவது துறைக்கோ ஊராட்சிக்கோ. குத்தகைதாரருக்கு மீன் பிடிக்கத் தண்ணீர் வற்ற வேண்டும், உங்களுக்குக் கதிர் முற்றும்வரை தண்ணீர் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கை பார்த்தால் சண்டை வராது. இரண்டு அலுவலகம் பார்ப்பதால் ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனியில் எந்த ஊரிலாவது மதகை இரவோடு இரவாகத் திறந்துவிட்டார்கள் என்று புகார் வருகிறது.

பழைய ஏற்பாடு பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். உத்திரமேரூர் சபை பிரமதேயத்துச் சபை. அந்த ஏரிக் கரைக்கு மண் சுமந்தவர்களின் பெயர் எழுதிய ஓலை குடத்தில் விழவே இல்லை. குடிமராமத்து என்று பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி உழைப்பு சேரியிலிருந்து கூலியில்லாமல் வந்தது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தபோது ஊரில் அழுதவர்கள் குறைவு. அடங்கலைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்து நிலத்தை மாற்றி எழுதிய கர்ணங்களை அந்தத் தலைமுறை நன்றாகவே அறியும்.

சொத்துரிமை பற்றிப் பேச வரும் பழமைவாதிக்கு ஒரு சோதனை உண்டு. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த அந்த நிலத்தில் எவ்வளவு இன்று உரியவர் கையில் இருக்கிறது? 1994-இல் மாமல்லபுரம் பக்கம் காரணையில் அதை மீட்கக் கிளம்பிய போராட்டம் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, உயிர்கள் போயின. தன் பட்டாவுக்காக நீதிமன்றம் போகிறவர், பக்கத்து வயலின் பஞ்சமி நிபந்தனையைப் பற்றி வாய் திறக்காவிட்டால் அவர் பேசுவது சொத்துரிமையே இல்லை. ஆகவே ஏரியை ஊரிடம் கொடு என்று நாம் சொல்லும்போது, ஊர் என்றால் அதில் சேரியும் குத்தகைதாரரும், பெயரில் பட்டா இருந்தும் கூட்டத்துக்கு அழைக்கப்படாத பெண்களும் அடக்கம்.

இருந்தாலும் பழைய ஏற்பாட்டின் குற்றங்களைக் காட்டி அதற்குள் இருந்த அறிவையும் தூக்கி எறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவின் பாலித் தீவு சாட்சி. நெல்லும் கோயிலுமாக வாழும் ஊர்கள் அவை. காஞ்சிபுரத்துக்காரருக்கு அந்நியமாகத் தெரியாது. அங்கே 'சுபாக்' எனப்படும் பாசனச் சங்கங்கள் நீர்க் கோயில்களில் கூடி, எந்தப் பகுதி எப்போது நடவேண்டும், எப்போது தரிசு போட வேண்டும் என்று முடிவு செய்யும். 1970-களில் பசுமைப் புரட்சித் திட்டம் வந்தது. கோயில் நாள்காட்டியை விட்டுவிட்டு முடிந்த போதெல்லாம் குறுகிய கால ரகங்களை நடுங்கள் என்று அரசு சொன்னது. விளைச்சல் முதலில் ஏறியது. பிறகு புகையானும் துங்ரோவும் வயலை வாரிக்கொண்டு போயின. ஒரு பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் தரிசாகக் கிடந்தபோது பூச்சிக்குச் சாப்பாடு இல்லாமல் போனதும், அந்த ஒழுங்கைக் காத்தது கோயில் கூட்டம்தான் என்பதும் அப்புறம்தான் புரிந்தது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியல் ஆய்வாளர் இதைக் கணினி மாதிரி போட்டே காட்டினார். நடவு முடிவு மறுபடி சுபாக்கின் கைக்குப் போனது. 2012-இல் அந்தப் பாசன முறை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. புகையான் வந்த வயலைப் பார்த்தவருக்கு இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை.

நம் அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்பது அநியாயம். விவசாயிகள் பாசன முறைகளை மேலாண்மை செய்வதற்கான சட்டம் 2000-இலேயே இயற்றப்பட்டது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்குத் தேர்தல், தலைவர், ஆட்சி மண்டலம் எல்லாம் தாளில் இருக்கின்றன. சங்கத் தேர்தலும் நடந்திருக்கிறது. ஆனால் சங்கத்துக்குப் பெயர்ப்பலகை கிடைத்த அளவுக்குப் பணம் கிடைக்கவில்லை. வருமானம் இல்லாத சங்கத்தின் தலைவர், துறை அதிகாரி வரும்போது மாலை போடுகிறவராகத்தான் இருக்க முடியும். 2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தை அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் தொடங்கி வைத்தார். முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். ஆயக்கட்டுதாரர்கள் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்பது விதி. விதி நல்ல விதி. பல ஊர்களில் ஒப்பந்ததாரரே அந்தப் பத்துச் சதவீதத்தையும் காட்டிவிட்டு வேலையை எடுத்தார் என்று விவசாயிகள் அப்போதே புகார் சொன்னார்கள். குடியின் பெயர் இருந்தது, மராமத்தும் ஓரளவு நடந்தது. ஆனால் குடி வேடிக்கை பார்த்தது.

இதை ஒரு கட்சியின் குறையாகச் சொல்லவில்லை. ஊரை நம்பாத பழக்கம் இரு பக்கமும் சமமாக இருக்கிறது. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். நடுவே ஒரு ஆட்சி போய் இன்னொன்று வந்தது. ஐந்து ஆண்டு காலம் தனி அலுவலர்கள்தான் ஊராட்சிக் கையெழுத்து. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை ஊராட்சிக்கு உரியதாகச் சொல்லும் 29 இனங்களில் மூன்றாவதே சிறுபாசனமும் நீர் மேலாண்மையும். அந்த இனத்தைக் கையில் வாங்க ஊராட்சியே இல்லாத ஐந்து ஆண்டுகள் அவை.

இந்தப் பின்னணியில்தான் 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி வருகிறது. சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்ட முன்வடிவு விவாதமின்றி நிறைவேறியது. பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவும் அதே நாளில்தான் நிறைவேறியது. அதற்கு எழுந்த கூச்சலில் இது பலர் காதில் விழவே இல்லை. தொழிற்சாலை மசோதா திரும்பப் பெறப்பட்டது. நிலச் சட்டம் நின்றது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், ஏரி, ஓடை, வாய்க்கால் போன்றவை உள்ளடங்கிய ஒரு திட்டத்தை அரசு சிறப்புத் திட்டம் என்று அறிவித்தால், அந்த நீர்நிலைகளையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைத்து மாற்றி அமைக்க இது வழி செய்கிறது. நீரின் கொள்ளளவு குறையக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. ஆட்சேபணை கேட்கவும் ஏற்பாடு உண்டு. ஆனால் ஏரி என்பது கொள்ளளவு மட்டும்தானா? வரத்துக்கால்வாய் எந்த மேட்டிலிருந்து வருகிறது, கலங்கல் எந்தப் பக்கம் வழிகிறது, வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்கு எந்த வாய்க்காலில் போகிறது என்பதில்தான் ஏரியின் உயிர் இருக்கிறது. நம் ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. ஒன்றைப் பெயர்த்து அதே கன அளவுக்கு வேறிடத்தில் குழி வெட்டினால் குழிதான் இருக்கும், ஏரி இருக்காது.

பரந்தூர் விமான நிலையம் இதன் கண்முன் உதாரணம். 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டது. 13 ஊர்கள், 5,000 ஏக்கருக்கும் மேலான நிலம். பாலாற்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ஏரி வரை ஓடி வழியெங்கும் ஏரிகளை நிரப்பும் கம்பன் கால்வாய் திட்டப் பகுதிக்குள் வருகிறது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் தேவை என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. மீனம்பாக்கத்தில் இடம் நெருக்கடி என்பது உண்மை. நம் காய்கறியும் பூவும் வெளிநாடு போக விமானம் வேண்டும் என்பதும் உண்மை. சந்தை மதிப்பைப் போல மூன்றரை மடங்கு இழப்பீடு தருவதாக அரசு சொன்னது; அதுவும் சிறிய தொகையல்ல. அதை ஏற்று நிலம் கொடுத்தவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர்கள் சொத்து, அவர்கள் முடிவு. நம் கேள்வி கொடுக்க மறுத்தவர்களைப் பற்றியது. ஏகனாபுரம் கிராம சபை ஒன்றன்பின் ஒன்றாக எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிக் கிராம சபையின் பெருமை பேசும் நாட்டில், இந்தத் தீர்மானங்களுக்கு என்ன மதிப்பு?

சட்டப்படி பார்த்தால் மதிப்பு மிகக் குறைவு. அது எப்படி என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-இன் மத்திய நிலம் எடுப்புச் சட்டம், பொதுத்துறையும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 சதவீத நில உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்கிறது. சமூகத் தாக்க ஆய்வு செய்து ஊரில் வைத்து விசாரிக்கச் சொல்கிறது. பாசனமுள்ள பல போக நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே தொடச் சொல்கிறது. ஆனால் தமிழ்நாடு 2014-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, தொழில் நோக்கத்துக்கான நிலம் எடுப்புச் சட்டம் 1997 உள்ளிட்ட தன் மூன்று சட்டங்களுக்கு இவற்றிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. இழப்பீட்டு விதி மட்டும் பொருந்தும். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. அதே ஆண்டில் மாநில அரசு புதிய சட்டம் போட்டு அவற்றுக்கு உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 1997 சட்டம் தி.மு.க. ஆட்சியில், 2014 விலக்கும் 2019 மறுசட்டமும் அ.தி.மு.க. ஆட்சியில், 2023 சட்டம் மறுபடி தி.மு.க. ஆட்சியில். எதிலெதிலோ ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒருவர் வேலையை மற்றவர் தொடர்ந்து செய்திருக்கிறார்கள்.

ராஜாஜி காலத்து விவாதம் இங்கேதான் உதவுகிறது. 1964-இன் 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை சுதந்திரா கட்சி கடுமையாக எதிர்த்தது. அந்த எதிர்ப்புக்கிடையே நிறைவேறிய அதே திருத்தத்தில் ஒரு பாதுகாப்பும் இடம்பெற்றது: உச்சவரம்புக்குள் இருந்து, சொந்தமாகச் சாகுபடி செய்கிறவரின் நிலத்தை எடுத்தால் சந்தை மதிப்புக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். 1978-இன் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது 300-ஏ பிரிவு. சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. சட்டத்தை யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அந்தப் பாதுகாப்பின் பலம். பெருமுதலாளிக்கு வக்கீல் உண்டு. இரண்டு ஏக்கர் நஞ்சைக்காரருக்குச் சட்டமன்றத்தில் நடக்கும் விவாதம்தான் வக்கீல். அதுவும் நடக்கவில்லை.

அரசிடம் நாம் கேட்பவை பெரியவை அல்ல. 2023 சட்டத்தின் கீழ் எந்த ஏரியைத் தொடுவதானாலும் அதன் ஆயக்கட்டுதாரர்களின் சம்மதம் கட்டாயம் என்று ஒரு திருத்தம் வேண்டும். விமானமே இறங்கினாலும் அந்தத் திருத்தத்தால் எதுவும் கெட்டுவிடாது. சம்மதம் வாங்கத் தெரிந்த அரசு வாங்கிக்கொள்ளும். மீன் குத்தகைத் தொகையில் பெரும்பகுதி அந்தந்த ஏரியின் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கக் கணக்கில் நேரடியாகச் சேர வேண்டும். ஷட்டர், திருகு கம்பி, கரையில் எலி வளை, கருவேலம் வெட்டுவது போன்ற சின்ன வேலைகளை அந்தப் பணத்தில் சங்கமே செய்துகொள்ளட்டும். பெரிய கலங்கல், உடைப்பு என்றால் பொறியாளர் வரட்டும். அவருடைய படிப்பு அதற்குத்தான் தேவை. நீர்க்கட்டியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, அவர் கூலியையும் அந்தக் கணக்கிலிருந்தே கொடுக்கட்டும்.

வண்டல் மண் விஷயத்தில் அரசு கொஞ்சம் இறங்கி வந்திருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்று இலவசமாக எடுக்க விதி இருக்கிறது. முன்பு கலெக்டர் ஆபீஸ் வரை போக வேண்டியிருந்த அனுமதியை 2024 முதல் தாசில்தாரே கொடுக்கலாம். இன்னும் ஒரு படி இறங்கிச் சங்கத்திடமே அந்தப் பொறுப்பு வந்தால், விவசாயியின் டிராக்டர் எது, செங்கல் சூளைக்குப் போகும் டிப்பர் எது என்று ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? பக்கத்து ஊர்க்காரர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் திருடுவது கடினம்.

அரசு செய்யும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்களும் உண்டு. உங்கள் ஏரியின் புல எண், புலப்பட நகல், வரத்துக்கால்வாயின் புல எண்கள் ஆகியவற்றைத் தாலுகா ஆபீசில் மனுப் போட்டு வாங்கி வையுங்கள். கால்வாய் எந்தப் புல எண்ணில் ஓடுகிறது என்று காட்டத் தெரியாத ஊரின் கால்வாய்தான் முதலில் மனையாகிறது. கடந்த மூன்று ஆண்டு மீன் ஏலத் தொகையும் அது வரவு வைக்கப்பட்ட கணக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கக்கூடியவைதான். உங்கள் ஏரிக்கு நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருக்கிறதா, கடைசித் தேர்தல் எப்போது, வாக்காளர் பட்டியலில் வீட்டுப் பெண்களின் பெயரும் குத்தகைதாரரின் பெயரும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த விவரங்களோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று இப்போது ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினம். நவரைக்கு ஏரியில் எவ்வளவு நின்றது, எவ்வளவு வீணானது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும் நேரம். ஏரிக் கணக்கை முதல் பொருளாக வைக்கச் சொல்லித் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.